ரூ.2,499 எம்பி3 பிளேயர்: வாங்கலாமா, வேண்டாமா?

ஒரகடம் ஷிஃப்ட் · திங்கள், இரவு 10:20

வணக்கம். ஒரு வருடமாக இந்த மன்றத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. சேலையூரில் கம்பெனி பஸ் ஏறினால் போக ஒன்றேகால் மணி நேரம், வர அதைவிடக் கொஞ்சம் கூட. பாட்டு இல்லாமல் முடியாது. என் போனில் ஹெட்போன் ஜாக் கிடையாது. புளூடூத் இயர்பட்ஸில் ஒன்று பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் உருண்டு போனது போனதுதான். இரவு ஷிஃப்ட் முடிந்து ஏறும்போது போனில் 8 சதவீதம் சார்ஜ் இருந்தால் பெரிது.

அப்பாவின் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றியது, சிடியிலிருந்து எடுத்தது எல்லாம் சேர்த்து 38 ஜிபி இருக்கிறது. அதற்காக ஒரு சின்ன பிளேயர் பார்த்து வைத்திருக்கிறேன். விலை ரூ.2,499. கம்பெனி பெயர் இதுவரை கேள்விப்படாதது. விளம்பரத்தில் போட்டிருப்பது: உலோக உடல், 128 ஜிபி கார்டு வரை, புளூடூத், 500 எம்ஏஎச் பேட்டரி, 50 மணி நேரம் பாடும், 60 மில்லிவாட், ஹை-ரெஸ் லாஸ்லெஸ் (சிடியைவிட நுணுக்கமான, சுருக்கும்போது எதையும் இழக்காத ஒலியாம்). 4.1 நட்சத்திரம் வாங்கியிருக்கிறது.

கொடுக்கிற காசுக்குத் தகுமா? நன்றாக இருந்தால் அப்பாவுக்கும் ஒன்று வாங்கும் எண்ணம் உண்டு. அவர் உபன்யாசம் கேட்பவர், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம்.

போன்போதும் · திங்கள், இரவு 10:41

வேண்டாம். ஐபாடையே 2022 மே மாதம் ஆப்பிள் நிறுத்திவிட்டது. 2001-ல் இந்தச் சந்தையைப் பெரிதாக்கியவனே கடையைக் கட்டிவிட்ட பிறகு, பெயர் தெரியாதவனிடம் எதற்கு 2,500 ரூபாய்? யூஎஸ்பி-சி முனையிலிருந்து 3.5 மிமீ ஜாக் எடுக்கும் டாங்கிள் ஒன்று வாங்குங்கள். டிஜிட்டலை அனலாக் ஆக்கும் சிப் அந்தச் சின்ன முனைக்குள்ளேயே இருக்கிறது. நல்ல டாங்கிள் ஒன்று உங்கள் பிளேயரை அளவீட்டில் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஒன்று மட்டும் கவனம்: ஆப்பிளின் டாங்கிள் அளவீட்டில் நல்ல பெயர் எடுத்தது, ஆனால் சில ஆண்ட்ராய்டு போன்களில் சத்தம் பாதிதான் வரும்.

ஒரகடம் ஷிஃப்ட் · திங்கள், இரவு 10:58

டாங்கிள் யோசித்தேன். பிரச்சினை சத்தத்தில் மட்டும் இல்லை. போனில் பாட்டு ஓடினால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சூப்பர்வைசர் குழுவில் வாட்ஸப் டிங் என்று விழும். எடுத்துப் பார்த்தால் கன்வேயர் நின்ற படம். வண்டலூர் தாண்டுவதற்குள் பாட்டு மறந்துவிடும். போனிலிருந்து பாட்டைப் பிரிக்க வேண்டும் என்பதுதான் முதல் காரணம். போனில் மிச்சம் இருக்கிற 8 சதவீதத்தை டாங்கிளுக்கும் பங்கு வைக்க முடியாது.

சால்டரிங் அயர்ன் · செவ்வாய், காலை 6:15

தம்பி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் பதினோரு வருடம் பழுது பார்த்தவன் சொல்கிறேன். இந்த விலைப் பிளேயரைத் திறந்தால் உள்ளே கட்டைவிரல் அகலத்தில் ஒரு பலகை, ஒரு பெரிய சிப், பை மாதிரி ஒரு பேட்டரி, அவ்வளவுதான் இருக்கும். எம்பி3-ஐப் பிரிப்பது, அனலாக் ஆக்குவது, இயர்போனை ஓட்டுவது எல்லாமே பெரும்பாலும் அந்த ஒரே சிப்பின் வேலை. 2005 வாக்கில் பர்மா பஜாரில் பென் டிரைவ் வடிவத்தில் பிளேயர்கள் குவிந்து கிடந்தன, ஞாபகம் இருக்கும். நான் திறந்தவற்றில் முக்கால்வாசி ஆக்‌ஷன்ஸ் என்ற சீனக் கம்பெனி சிப்தான். வெளியே பெயர் மட்டும் பத்து விதம். இன்றும் அதே வழக்கம் ஓடுகிறது. ஆகவே பெயர் தெரியாத கம்பெனி என்று மட்டும் சொல்லி ஒதுக்க மாட்டேன்.

என் மேஜைக்கு எவை வந்தன என்று சொல்கிறேன். ஜாக் லூஸ் ஆகி ஒரு காதில் மட்டும் கேட்பது முதலிடம். பேட்டரி உப்பித் திரையைத் தூக்குவது அடுத்தது. சார்ஜ் முனை ஆடுவது மூன்றாவது. பதினோரு வருடத்தில் "பாட்டின் தரம் சரியில்லை, பாருங்கள்" என்று ஒருவர்கூடப் பிளேயரைக் கொண்டுவந்ததில்லை. விளம்பரத்திலோ அதைப் பற்றி மட்டும்தான் பேச்சு.

பெட்டியில் இரண்டு விஷயம் பார். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அச்சடித்திருக்கிறதா? அது இல்லாத பெட்டிக்கு வாரண்டி என்பது வெறும் வாய்வார்த்தை. இரண்டாவது, பேட்டரி. இங்கே விற்கும் லித்தியம் பேட்டரிக்கு பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046 என்ற எண்ணும் ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் பெட்டியிலோ லேபிளிலோ இருக்க வேண்டும். அந்த ஆர் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் யாருடையது என்று காட்டும். சட்டைப்பையில் நெஞ்சோடு வைத்துக்கொள்ளும் சாமான், இதில் அலட்சியம் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை · செவ்வாய், காலை 9:30

விளம்பர எண்களை ஒரு கை பார்ப்போம்.

500 எம்ஏஎச் பேட்டரி 50 மணி நேரம் பாட வேண்டும் என்றால் மணிக்கு 10 எம்ஏஎச்தான் செலவாக வேண்டும். திரை அணைந்து, பழைய 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 ஒன்றைக் கேட்கவே கேட்காத சத்தத்தில் ஓட்டினால் ஒருவேளை நடக்கலாம். நிஜத்தில் 20 முதல் 30 என்று வையுங்கள். 17 முதல் 25 மணி நேரம் வரும். புளூடூத்தைப் போட்டால் அதிலும் பாதிக்குக் கீழே.

ஹை-ரெஸ் என்பதைக் கழித்துவிடுங்கள். சிடியில் ஒலியை நொடிக்கு 44,100 தடவை அளந்து பதிவதால் 22 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவாகிவிடும். மனிதக் காதுக்கு 20 வரைதான், அதுவும் சின்ன வயதில். அப்பாவின் கேசட்டிலிருந்து எடுத்ததை எந்தக் கோப்பு வடிவத்தில் வைத்தாலும் அது கேசட்தான். புளூடூத்தில் கேட்டால் கதை இன்னும் மோசம். புளூடூத்தின் சாதாரண சுருக்கு முறையான எஸ்பிசி கோடெக் 328 கேபிபிஎஸ் அளவில் மறுபடியும் சுருக்கித்தான் அனுப்பும், லாஸ்லெஸ் எல்லாம் பிளேயர் வாசலோடு சரி.

இட அளவு: 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி, 320 என்றால் 2.4 எம்பி. சிடியிலிருந்து ஃபிளாக் என்ற லாஸ்லெஸ் வடிவில் எடுத்தால் ஐந்து நிமிடப் பாட்டு 30 எம்பி பக்கம் போகும். உங்கள் 38 ஜிபிக்கு 64 ஜிபி கார்டு தாராளம்.

மானிப்பாய் · செவ்வாய், மதியம் 1:05

தம்பி, நானும் இப்படி ஒன்று கொழும்பு யூனிட்டி பிளாசாவில் வாங்கிக் கனகாலம் பாவித்தேன். சத்தம் நல்ல வடிவு. ஆனால் ஒருவரும் சொல்லாத இரண்டு சங்கடம் இருந்தது.

ஒன்று, வரிசை. கோப்புகளுக்கு 01, 02 என்று எண் போட்டுத்தான் வைத்தேன். அது 07-ஐ முதலில் பாடும், பிறகு 02, பிறகு 11. பேய் பிடித்ததோ என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, மலிவான பிளேயர்கள் பெயர் அகரவரிசையைப் பார்ப்பதில்லை. கார்டில் எந்த ஒழுங்கில் எழுதப்பட்டதோ அதே ஒழுங்கில் பாடிக்கொண்டு போகும். கணினியில் முழுவதையும் தெரிவு செய்து இழுத்துப் போட்டால் ஒழுங்கு குலையும். ஃபேட்சார்ட் என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது, அது கார்டின் அட்டவணையை அகரவரிசையில் திருப்பி எழுதிக் கொடுக்கும்.

மற்றது தமிழ். பாட்டின் பெயரைத் தமிழில் எழுதி வைத்தால் சிலதில் வெறும் பெட்டி பெட்டியாக வரும். என்னுடையதில் எழுத்து வந்தது, ஆனால் கொம்பு இடம் மாறி வந்தது. யூனிகோடில் கொம்பு எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படும், அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது திரையின் வேலை. அந்த வேலை தெரியாத பிளேயரில் "கொடி" என்று எழுதினால் க தனியாக, கொம்பும் காலும் வேறெங்கோ நிற்கும். கடைசியில் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் மாற்றினேன். மூன்று கிழமை போனது.

மோனோ · செவ்வாய், மாலை 6:50

காசு சேர்த்து ஷான்லிங், ஹைபை, ஃபியோ மாதிரி இதையே தொழிலாகச் செய்யும் கம்பெனிகளின் தொடக்க மாடல் ஒன்றுக்குப் போங்கள். 2,500 கொடுத்து அதிருப்தி வாங்குவதைவிட நான்கு மாதம் பொறுப்பது மேல். இரைச்சல் இருக்காது, ஒரு பாட்டிலிருந்து அடுத்ததுக்கு இடைவெளி விழாது, மென்பொருள் புதுப்பிப்பும் வரும்.

சால்டரிங் அயர்ன் · செவ்வாய், இரவு 7:20

மோனோ சார், அவர் கேட்டது 2,500-க்கு. டவுன் பஸ்ஸுக்கு வழி கேட்டவரிடம் ஏரோபிளேன் டிக்கெட் காட்டுகிறீர்கள்.

மோனோ · செவ்வாய், இரவு 7:26

டவுன் பஸ் நடுவழியில் நின்றால்?

சால்டரிங் அயர்ன் · செவ்வாய், இரவு 7:31

இறங்கி அடுத்த பஸ். 2,500-ல் அது முடியும், 12,000-ல் மனசு வராது. பழையது வாங்கலாம் என்றால் ராக்பாக்ஸ் ஓடும் மாடலா என்று பாருங்கள். பிளேயரின் சொந்த மென்பொருளுக்குப் பதிலாக ஏற்றிக்கொள்வது, 2001 முதல் ஆர்வலர்கள் எழுதிவரும் இலவச மென்பொருள். சான்டிஸ்க்கின் பழைய கிளிப் பிளஸ், கிளிப் ஜிப் இரண்டிலும் அது ஏறும், பின்னால் வந்த கிளிப் ஸ்போர்ட், கிளிப் ஜாமில் ஏறாது. பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். ஆனால் பழையதில் பேட்டரிக்கு வயசாகியிருக்கும், மாற்றத் தெரிந்த கை வேண்டும்.

ஒரகடம் ஷிஃப்ட் · புதன், இரவு 11:10

ஆர்டர் போட்டுவிட்டேன். ஏழு நாள் ரிட்டர்ன் உண்டு. அதற்குள் என்னென்ன பார்த்துவிட வேண்டும்? வேலை பராமரிப்பு என்பதால் நல்ல மல்டிமீட்டர் கையில் இருக்கிறது, பாட்டுக் காதுதான் சுமார்.

சால்டரிங் அயர்ன் · வியாழன், காலை 5:50

மீட்டர் இருக்கிறதா, அப்போது காதை நம்பவே வேண்டாம். ஒரு சோதனை சொல்கிறேன், சில வலைத்தளங்கள் அரைமணி நேரம் பேசிச் சொல்லாததை இது ஐந்து நிமிடத்தில் சொல்லும்.

கணினியில் 50 ஹெர்ட்ஸ் சைன் அலை ஒரு நிமிடம் உருவாக்கி பிளேயரில் போடு. உச்சத்தில் வெட்டுப்படாமல் இருக்கக் கோப்பின் அளவைக் கொஞ்சம் குறைத்து வை. பழைய இயர்போன் கம்பியை வெட்டி ஜாக்கிலிருந்து இடது கம்பி, பொதுக் கம்பி இரண்டையும் எடு. வால்யூம் முழுவதும் ஏற்றி, எதுவும் மாட்டாமல் ஏசி வோல்ட் குறித்துக்கொள். பிறகு 33 ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்து மறுபடி குறித்துக்கொள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, ஒன்றைக் கழித்து, 33-ஆல் பெருக்கு. வருவதுதான் பிளேயரின் வெளியீட்டு மின்தடை. இயர்போன் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் நிம்மதி என்பார்கள். அதற்கு மேல் போனால், உள்ளே நாலைந்து டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்) வைத்த இயர்போன்களில் பேஸும் ட்ரெபிளும் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும். சாதாரண ஒற்றை டிரைவர் இயர்போனில் அவ்வளவாகத் தெரியாது.

200 வோல்ட்டில் தொடங்கும் மஞ்சள் மீட்டர் இதற்கு உதவாது. 2 வோல்ட் ஏசி ரேஞ்ச் வேண்டும்.

மற்றவை மீட்டர் இல்லாமலே பார்க்கலாம். ராத்திரி அமைதியான நேரத்தில் பாட்டை நிறுத்தி வைத்துப் பார்ப்பதற்குப் பதில், சத்தமே இல்லாத ஒரு கோப்பை ஓடவிட்டு இரைச்சலைக் கேள். ஜாக்கைச் சுழற்றிப் பார், கர்கர் என்றால் அன்றைக்கே திருப்பு. பாதிப் பாட்டில் அணைத்துவிட்டு மறுபடி போடு, விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறதா என்று பார். உபன்யாசத்துக்கு உயிர் அதுதான்.

கார்டைத் தனியாகச் சோதி. போலி கார்டு 64 ஜிபி என்று காட்டும், உள்ளே 8 இருக்கும். நிறைந்த பிறகு எழுதுவதெல்லாம் பழையதின் மேல் விழும். எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற மென்பொருள் கொண்டு முழுக் கார்டையும் எழுதிப் படித்துப் பார்த்துவிட்டுப் பாட்டை ஏற்று. கார்டு செய்த தப்புக்குப் பிளேயரைத் திட்டுவது எங்கள் கடையில் தினசரி நடக்கும்.

ஒரகடம் ஷிஃப்ட் · ஞாயிறு, மாலை 4:40

வெள்ளிக்கிழமை வந்தது. பெட்டியில் இறக்குமதியாளர் முகவரி இருக்கிறது, ஆர் எண் இருக்கிறது, செயலியிலும் காட்டுகிறது. கையில் பிடித்தால் கனமாக, நன்றாகவே இருக்கிறது.

கார்டு போட்டதும் "கார்டு இல்லை" என்றது. 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அடுக்கும் முறையில் வருமாமே, இந்தப் பிளேயருக்குப் பழைய முறையான ஃபேட்32 தான் புரிகிறது. விண்டோஸின் ஃபார்மேட் ஜன்னலில் 32 ஜிபிக்கு மேல் அந்த வாய்ப்பே வரவில்லை. வேறொரு மென்பொருள் இறக்கி மாற்றினேன். விளம்பரத்தில் 128 ஜிபி என்று போட்டவர் இந்த ஒரு வரியையும் போட்டிருக்கலாம்.

மீட்டர் சோதனை: எதுவும் மாட்டாமல் 0.52 வோல்ட், 33 ஓம் வைத்தால் 0.40. அதாவது ஏறக்குறைய 10 ஓம். என் இயர்போன் 16 ஓம். எட்டில் ஒரு பங்கு என்றால் 2 ஓம் இருந்திருக்க வேண்டும், அதைப்போல ஐந்து மடங்கு. 60 மில்லிவாட் என்றார்களே, கணக்குப் போட்டால் 33 ஓமில் 5 மில்லிவாட்கூட வரவில்லை. கோப்பின் அளவை 1 டெசிபல்தான் குறைத்திருந்தேன், அதைச் சேர்த்தாலும் எங்கோ நிற்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பஸ்ஸில் பாட்டு நன்றாகவே கேட்கிறது. பாதி வால்யூமுக்கு மேல் ஏற்றவில்லை. பேட்டரி 19 மணி நேரம் வந்தது, கணக்குப்பிள்ளை சொன்ன இடத்திலேயே. புளூடூத்தில் 8.

தொந்தரவு வேறு இடத்தில். இரவில் படுத்துக்கொண்டு கேட்டால் வால்யூம் 0-ல் மௌனம், 1-ல் கத்துகிறது. நடுவில் ஒன்றும் இல்லை. மொத்தம் 30 படி. 28-க்கும் 30-க்கும் வித்தியாசமே தெரியவில்லை. இது பழுதா?

கணக்குப்பிள்ளை · ஞாயிறு, மாலை 5:30

பழுது இல்லை, எழுதியவரின் சோம்பல். படிகளைச் சம அளவாக வெட்டியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அப்படியானால் 1-வது படி முழுச் சத்தத்தில் 30-ல் ஒரு பங்கு வோல்ட். கேட்க மிகக் குறைவுபோல இருக்கும், ஆனால் டெசிபலில் அது முழுச் சத்தத்துக்கு 29.5 மட்டுமே கீழே. 1-லிருந்து 2-க்குப் போனால் ஒரேயடியாக 6 டெசிபல் ஏறும். 29-லிருந்து 30-க்கு 0.3 டெசிபல், அது யார் காதுக்கும் தெரியாது. காது கேட்பது விகிதத்தில். படி ஒவ்வொன்றும் 2 டெசிபல் என்று வைத்திருந்தால் இதே 30 படியில் ஏறக்குறைய 60 டெசிபல் கிடைத்திருக்கும், நள்ளிரவுக்கும் இடம் இருந்திருக்கும்.

மருந்து ஒன்று உண்டு. எம்பி3கெயின் என்ற மென்பொருள் கோப்பை மறுபடி சுருக்காமல் அதன் அளவை மட்டும் 1.5 டெசிபல் படிகளில் இறக்கும், வேண்டாம் என்றால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் 9 டெசிபல் இறக்கிப் பாருங்கள்.

பஸ்ஸில் பாதிக்கு மேல் ஏற்றவில்லை என்றீர்கள், அப்படியே இருங்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் வரை என்கிறது. பஸ் இன்ஜின் இரைச்சலைத் தாண்டிக் கேட்க நினைத்தால் அந்தக் கோட்டைச் சுலபமாகத் தாண்டிவிடுவோம். ரப்பர் முனை காதில் இறுக்கமாக உட்கார்ந்தால் இன்னும் குறைவான வால்யூமே போதும்.

ஒரகடம் ஷிஃப்ட் · திங்கள், இரவு 11:45

9 டெசிபல் இறக்கினேன். ராத்திரி கேட்க முடிகிறது. ஆனால் பாட்டுக்குப் பின்னால் ஸ்ஸ் என்று ஓர் இரைச்சல் இப்போது வெளியே தெரிகிறது. பாட்டு இறங்கியது, இரைச்சல் இறங்கவில்லை. குழாயடி மாதிரி இருக்கிறது. பஸ்ஸில் இது கேட்காது, வீட்டில் கேட்கிறது.

அப்பாவிடம் ஒரு நாள் கொடுத்துப் பார்த்தேன். அணைத்துப் போட்டால் விட்ட இடம் மறந்துவிடுகிறது. ஒன்றரை மணி நேரம் கேட்ட உபன்யாசத்தை மறுபடி "ஸ்ரீ" என்று முதலிலிருந்து ஆரம்பித்தது. வேகமாக முன்னால் ஓட்டும் பட்டனை அழுத்திப் பிடித்தால் அந்த இடத்துக்குப் போக நான்கு நிமிடம் ஆகிறது. பட்டன் எல்லாம் ஒரே அளவு, தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்று மாலை பிளேயரை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் பேசாமல் ரேடியோ பக்கம் போய்விட்டார்.

வியாழன் வரைக்கும்தான் ரிட்டர்ன். திருப்பிவிடலாம் என்று இருக்கிறேன்.

போன்போதும் · செவ்வாய், காலை 8:10

நான் முதல் நாளே சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். (சொல்லிவிட்டேன்.)

அப்பாவுக்கு பட்டன் போன் ஒன்று பாருங்கள். மெமரி கார்டு போடலாம், ஜாக் இருக்கும், ஸ்பீக்கரும் இருக்கும், எஃப்எம் வரும். 2,000-க்குள் கிடைக்கும். கடையிலேயே அவருடைய இரண்டு மணி நேரக் கோப்பைப் போட்டு, அணைத்துப் போட்டு, விட்ட இடத்தில் தொடங்குகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

மானிப்பாய் · செவ்வாய், காலை 10:00

எந்தக் கருவி என்றாலும் ஒரு வேலை செய்யலாம். இரண்டு மணி நேரக் கோப்பைப் பத்துப் பத்து நிமிடத் துண்டாக வெட்டி வையுங்கள். மறந்தாலும் பத்து நிமிடம்தான் நட்டம். பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் மோனோ போதும், இரண்டு மணி நேரம் 60 எம்பிக்குள் அடங்கும். என் அம்மாவுக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன். கண் தெரியாத காலத்திலும் "எட்டாவது துண்டு" என்று சரியாகச் சொல்லுவா.

பெருங்களத்தூர் நட்டுவாங்கம் · செவ்வாய், இரவு 9:15

இத்தனை நாளும் வாசித்துக்கொண்டே இருந்தேன். பரத வகுப்பு நடத்துகிறேன். இந்தப் பிளேயரைத் திருப்புவதற்கு முன் இரண்டு கேள்வி.

எனக்கு இயர்போன் வேண்டாம். வகுப்பில் ஒரு ஆம்பிளிஃபயர் இருக்கிறது, ஆக்ஸ் கம்பியில் மாட்டுவேன். இப்போது போனில்தான் ஓட்டுகிறோம். போன வருடம் சலங்கை பூஜையில் வர்ணம் நடுவில் ஒரு பெற்றோர் என் போனுக்கே அழைத்து "டீச்சர், பார்க்கிங் எங்கே?" என்றார். ஸ்பீக்கரில் முழு சபைக்கும் ரிங்டோன் கேட்டது. ஆடிய பெண் அரைமண்டியிலிருந்து அசையவில்லை, நான்தான் அழுதேன்.

அந்த 10 ஓம் எனக்குப் பாதகமா? ஒரு பாட்டு முடிந்தால் அடுத்ததுக்கு ஓடாமல் நிற்குமா? இது நின்றே ஆக வேண்டும். அலாரிப்பு முடிந்து பிள்ளைகள் மூச்சு வாங்கும்போது அடுத்தது தானாகத் தொடங்கக் கூடாது.

சால்டரிங் அயர்ன் · செவ்வாய், இரவு 9:40

டீச்சர், ஆம்பிளிஃபயரின் ஆக்ஸ் உள்ளீடு வழக்கமாக 10,000 ஓம் அல்லது அதற்கு மேல். அதன் பக்கத்தில் 10 ஓம் கடலில் கரைத்த பெருங்காயம். பிளேயரில் வால்யூமை 24, 25-ல் நிறுத்தி வைத்துவிட்டு ஏற்றி இறக்குவதை ஆம்பிளிஃபயரில் செய்யுங்கள். படிப் பிரச்சினை அங்கே எழாது. பாட்டு உயரத்தில் ஓடுவதால் அந்த ஸ்ஸ் சத்தமும் அடியில் அமுங்கிவிடும். தம்பிக்கு ஆகாதது எல்லாம் உங்களுக்குத் தொந்தரவே இல்லை. புளூடூத் வழியாக மட்டும் மாட்டாதீர்கள், சத்தம் ஒரு நொடியின் பங்கு தாமதமாக வரும். நீங்கள் பட்டனை அழுத்துவதற்கும் பிள்ளை கால் எடுப்பதற்கும் ஒட்டாது.

மோனோ · செவ்வாய், இரவு 10:05

விட்ட இடம் மறப்பதுகூட அவருக்கு நல்லது. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்துதானே வேண்டும்.

ஒரகடம் ஷிஃப்ட் · புதன், காலை 7:25

பஸ்ஸிலிருந்து எழுதுகிறேன். டீச்சர், மெனுவில் "ஒன்று மட்டும்" என்று ஒரு முறை இருக்கிறது. நேற்று ராத்திரி ஐந்து பாட்டில் பார்த்தேன், முடிந்ததும் நிற்கிறது, அடுத்ததுக்கு ஓடவில்லை. ஆனால் அணைத்துப் போட்டால் இந்த அமைப்பும் மறந்து "எல்லாம்" என்று மாறிவிடுகிறது. நிகழ்ச்சி அன்று போட்டதும் முதலில் இதை மாற்ற வேண்டும்.

ஃபோல்டர் வரிசைக்கு மானிப்பாய் அக்கா சொன்ன ஃபேட்சார்ட் ஓட்டிவிட்டேன், 01, 02 என்று ஒழுங்காகப் பாடுகிறது. எம்பி3கெயினில் இறக்கியதைத் திரும்ப ஏற்றவில்லை, உங்களுக்கு உங்கள் கோப்புகள்தானே. கார்டு என்னுடையது, அதை எடுத்துக்கொள்கிறேன்.

பெருங்களத்தூர் நட்டுவாங்கம் · புதன், காலை 7:50

ரூ.2,000 தருகிறேன், சரியா? கார்டு என்னிடம் 16 ஜிபி ஒன்று இருக்கிறது.

ஒரகடம் ஷிஃப்ட் · புதன், காலை 8:02

திருப்பினால் முழுக் காசும் வரும் டீச்சர்.

பெருங்களத்தூர் நட்டுவாங்கம் · புதன், காலை 8:06

நியாயம். 2,499. பில்லும் பெட்டியும் வேண்டும்.

ஒரகடம் ஷிஃப்ட் · புதன், காலை 8:09

இரண்டும் பத்திரமாக இருக்கிறது. நாளை காலை 6:40-க்கு எங்கள் பஸ் பெருங்களத்தூர் நிறுத்தத்தில் இரண்டு நிமிடம் நிற்கும். நீல நிற பஸ், முன் படிக்கட்டில் நிற்பேன். ஆக்ஸ் கம்பி கொண்டுவர வேண்டாம், பெட்டியில் ஒன்று இருக்கிறது, நான் பிரிக்கவே இல்லை.